ரியூனியன் தீவு: 9 நாள், எரிமலை, மஃபாத், மலையேற்றம். என் திட்டம் சரியா?

கோவை கதிர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. மே கடைசியில 9 நாள் லீவு போட்டு ரியூனியன் தீவுக்குப் போலாம்னு இருக்கோம். நாலு பேர். நான், மனைவி, பிளஸ் டூ முடிச்ச பையன், ஏழாவது போற பொண்ணு. மொரீஷியஸ் வந்து, அங்கிருந்து முக்கால் மணி நேர விமானம்.

கடற்கரையில படுத்துக் கெடக்கிற டூர் வேண்டாம், மலை இருக்கிற தீவா பாருங்கன்னு பையன் சொன்னான். அவனே தேடிப் புடிச்சதுதான் இது. நானும் அவனும் வருஷா வருஷம் வெள்ளியங்கிரி ஏறுவோம். வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் நாலு பேருமே நடந்து பழக்கம். மனைவிக்கு மட்டும் இறக்கத்துல முட்டி வலி வருமுங்க.

இப்ப போட்டு வெச்சிருக்கற திட்டம் இது. தலைநகர் சேன்-தெனியில ஒரே ஓட்டல், எல்லா நாளும் அங்கிருந்து போய் வர்றது. ரெண்டாம் நாள் எரிமலை. மூணாம் நாள் சிலாவோஸ்ங்கற மலையூருக்குப் போய், அன்னிக்கே மலையேறி மேல தங்கி, நாலாம் நாள் விடியக்கால பித்தோன் தே நேஜ் உச்சியில சூரிய உதயம். அஞ்சாம் நாள் கயிறு கட்டி அருவி இறங்குற கேனியனிங். ஆறாம் நாள் மஃபாத்ங்கற மலைப் பள்ளத்தாக்குக்குள்ள போய்ட்டு அன்னிக்கே திரும்பறது. ஏழாம் நாள் ஹெலிகாப்டர், பாராகிளைடிங். எட்டாம் நாள் கடல்ல குளியல். ஒன்பதாம் நாள் கிளம்பறது.

இது நடக்கிற காரியமுங்களா? வண்டி நாமே ஓட்டலாமா? வீட்டம்மா சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது? போய் வந்தவங்க, அங்க இருக்கறவங்க யாராவது சொல்லுங்க.

மலைப்பிரியன், சென்னை:

கதிர் சார், 2018 ஆகஸ்டில் நண்பர்கள் நாலு பேர் போயிருந்தோம். எதை விட்டாலும் பித்தோன் தே நேஜ் உதயத்தை விட்டுவிடாதீர்கள். 3,070 மீட்டர், இந்துமாக் கடலிலேயே உயரமான சிகரம். விடியும்போது நாம் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு நிமிஷம் மேற்கே திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மேகத்தின் மேல் விழுந்து கிடக்கும். அந்தக் காட்சி இன்றும் கண்ணிலேயே நிற்கிறது. கையுறை அவசியம். உச்சியில் என் தண்ணீர் பாட்டிலில் ஐஸ் கட்டிவிட்டது.

வண்டி தாராளமாக ஓட்டலாம், ஆனால் அங்கே சாலையின் வலது பக்கம். வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் கியர் வண்டிதான். சிலாவோஸ் போகும் ரோட்டில் நானூறுக்கு மேல் வளைவு. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சுரங்கப் பாதைகளும் உண்டு, ஹாரன் அடித்து எதிரில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே நுழைய வேண்டும். வால்பாறை ஏறிய கைக்கு இது பயமில்லை. பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்து வையுங்கள்.

விசா பற்றி ஒரு வார்த்தை. ரியூனியன் பிரான்சைச் சேர்ந்ததுதான், ஆனால் ஐரோப்பியப் பொது விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. விண்ணப்பிக்கும்போதே ரியூனியன் என்று சொல்லிக் கேளுங்கள்.

புதுவை தென்றல்:

கதிர் அண்ணா, வணக்கம். நான் புதுச்சேரிக்காரி. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. சேன்-பியேர் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுத்திருக்கும் இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள். நேரக் கணக்குதான் ஒத்துவராது. தினமும் சேன்-தெனியிலிருந்து கிளம்பினால் மலையடிவாரம் போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிடும். பத்து மணிக்கு இங்கே மலை இருக்காது.

இந்தத் தீவில் எல்லாவற்றையும் மேகம்தான் முடிவு செய்கிறது. விடிகாலையில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏற, கடல் பக்கத்து ஈரக் காற்று மலைச் சரிவைப் பிடித்து மேலே வரும், மேலே வந்து குளிர்ந்து மேகமாகிவிடும். பத்து, பதினோரு மணிக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் பால் ஊற்றியது போல் நிரம்பிவிடும். இருட்டிய பிறகு மறுபடி விலகி நட்சத்திரம் தெரியும். மே முதல் நவம்பர் வரை மழை குறைவான காலம்தான், நல்ல மாதம் பார்த்தே வருகிறீர்கள். இந்த மேகத்துக்கு மட்டும் காலமே கிடையாது. அதனால் மலையிலேயே தூங்குங்கள், ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், பதினோரு மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிடுங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

நாங்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். வந்த முதல் வருஷம், ஜூன் மாதம். மஃபாத்துக்கு நானும் அவரும் கிளம்பினோம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்து, கோல் தே பே கணவாயில் காரை நிறுத்தும்போது மணி இரண்டு. லா நூவெல் கிராமத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேர நடைதானே என்ற நினைப்பு. கணவாயைத் தாண்டி இறங்கினால் ‘தமாரான் சமவெளி’ என்று ஒரு இடம் வரும். பேரைக் கேட்டதும் புளியந்தோப்பு என்று நினைத்தேன். புளிய மரம் ஒன்றுகூட இல்லை. இந்தத் தீவுக்கே உரிய வேல மர இனம், இலை கொஞ்சம் அந்த மாதிரி இருப்பதால் இங்கத்திய ஆட்கள் அப்படிக் கூப்பிடுகிறார்கள். வளைந்து நெளிந்து படுத்த மாதிரி வளரும், கிளையெல்லாம் தாடிதாடியாகப் பாசி தொங்கும். அதற்குள் போனதும் மேகம் மூடியது. ஐந்தடிக்கு முன்னால் நடந்த என் கணவர் தெரியவில்லை, இருமல் சத்தம் மட்டும் கேட்கிறது. பாதையில் சேற்றுக்காக உருளைக் கட்டைகளைக் குறுக்கே பதித்திருப்பார்கள். நனைந்தால் அவை எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். நான் மூன்று தடவை விழுந்தேன். திடீரென்று பக்கத்தில் மூச்சு விடும் சத்தம், பார்த்தால் மேயவிட்ட மாடு ஒன்று, நனைந்த முகத்தோடு என்னையே பார்க்கிறது. ஆறு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. எங்களிடம் டார்ச் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. கிராமத்துப் பெரியவர் ஒருவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மாடு தேடி வந்தார். அவர் பின்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்தோம். வீட்டுக்குள் கூட்டிப்போய் முதலில் கொடுத்தது சுடுசோறும் பயறும். சோற்றைக் கையில் எடுத்தபோதுதான் என் விரல் எவ்வளவு விறைத்திருந்தது என்று தெரிந்தது.

மறுநாள் ஆறரைக்கு எழுந்து வெளியே வந்தால், முந்தைய நாள் நாங்கள் நடந்த இடத்தைச் சுற்றி ஆயிரம் மீட்டர் சுவர் மாதிரி மலை, முழுசாக, ஒரு கீற்று மேகம் இல்லாமல். அன்றிலிருந்து நான் மதியம் மலைக்குக் கிளம்பியதே இல்லை.

மஃபாத்தை ஒரு நாளில் போய்த் திரும்பலாம் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மஃபாத், சிலாவோஸ், சலாஸி மூன்றும் இடிந்து விழுந்த பழைய எரிமலையைச் சுற்றியுள்ள கிண்ணம் மாதிரியான பள்ளத்தாக்குகள். மற்ற இரண்டுக்கும் ரோடு உண்டு, மஃபாத்துக்குக் கிடையாது. அங்கே சில நூறு பேர் குடியிருக்கிறார்கள். அரிசி மூட்டை முதல் காஸ் சிலிண்டர் வரை ஹெலிகாப்டரில் இறங்கும், இல்லாவிட்டால் முதுகில் வரும். பள்ளிக்கூடம், சின்னத் தேவாலயம், லா நூவெலில் ரொட்டி சுடும் கடை எல்லாம் உண்டு. மஃபாத், சிலாவோஸ் என்ற பேரெல்லாம் கரும்புத் தோட்டத்து அடிமை வாழ்வை உதறிவிட்டு மலைக்குள் ஓடி ஒளிந்த மடகாஸ்கர் மக்கள் வைத்தவை. 1848-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகு தோட்ட வேலைக்கு நம் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலில் ஏற்றிவரப்பட்டவர்கள் நம் ஆட்கள். அந்த மலைக்குள் ஒரு இரவாவது படுத்து எழுந்தால்தான், ஓடி வந்தவர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது புரியும். சாயங்காலம் பகல் நடைக்காரர்கள் எல்லாரும் போன பிறகு கிராமமே அடங்கிப்போகும், கோழி கூண்டில் அடையும் சத்தம் கேட்கும்.

என் யோசனை இது. வந்து இறங்கிய அன்றே, வெளிச்சம் இருந்தால், நேராக பூர்-முரா என்ற ஊருக்கு வந்துவிடுங்கள். எரிமலை ரோடு அங்கேதான் ஆரம்பம். இரண்டு இரவு அங்கே. மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்பினால் பா தெ பெல்கோம்ப் என்ற விளிம்பில் நின்று விடியலைப் பார்க்கலாம். அங்கிருந்து ஐந்நூறுக்கு மேல் படி இறங்கி எரிமலைத் தரைக்குப் போக வேண்டும். பாறையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி போட்டிருக்கும், அதைப் பிடித்தே நடக்க வேண்டும். மேகம் வந்தால் அந்தப் புள்ளிதான் துணை. தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. உச்சிப் பள்ளம் வரை போய் வர ஐந்தாறு மணி நேரம். 2007 ஏப்ரலில் அந்தப் பள்ளத்தின் அடித்தளம் 300 மீட்டருக்கு மேல் அப்படியே உள்ளே இடிந்து இறங்கியது. அண்ணிக்கு முட்டி வலி என்றால் ஃபோர்மிக்கா லியோ என்ற சின்னச் சிவப்புக் குன்று வரை போதும், அதுவே அழகு. எரிமலை வெடிக்கும் அறிகுறி தெரிந்தால் உள்ளே போகும் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் போகாதீர்கள்.

பிறகு சிலாவோஸில் இரண்டு இரவு, கேனியனிங்கை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்து ஒரு முழுப் பகல் பயணம். கிழக்குக் கரை வழியாக வந்து, சேன்-ஆந்த்ரே நகரில் நம் கோயிலைப் பார்த்துவிட்டு, சலாஸி ஏறி கிரான்-இலே ஊரில் தூங்குங்கள். காலையில் மஃபாத்துக்குள். அங்கே இரண்டு இரவு. வெளியே வந்து கடைசி இரவு சேன்-லே பக்கம். பாராகிளைடிங்கும் காலை வேலைதான், கிளம்பும் அன்று விமானம் சாயங்காலம் என்றால் முடித்துவிடலாம். பித்தோன் தே நேஜ் இதில் இல்லை. மலைப்பிரியன் சொன்ன முக்கோண நிழலை நானும் பார்த்திருக்கிறேன், அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஏற்றம் 1,700 மீட்டர் என்றால் இறக்கமும் அத்தனை, அதுவும் படி படியாக. இறக்கத்தில் முட்டி வலிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. கண்ட இடத்தில் இறங்காதீர்கள். 2011 முதல் சுறா கடித்து உயிர் போனது பல தடவை. 2013-இல் தடையே போட்டார்கள். எர்மித்தாஜ் பக்கம் பவளத் திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத தண்ணீரில் மட்டும் குளியுங்கள். பிள்ளைகளுக்கு மீன் பார்க்க அதுவே நன்றாக இருக்கும்.

கோவை கதிர்:

சகோதரி, ரொம்ப நன்றிங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு பேரும் உக்காந்து உங்க பதிலைச் சத்தமாப் படிச்சோம். மாடு வந்த இடத்துல பொண்ணு என் கையப் புடிச்சுட்டா. ஒரே ஓட்டல்ங்கிறதை அப்பவே விட்டாச்சு. ஹெலிகாப்டரும் வேண்டாம்னு பொண்ணே சொல்லிட்டா, அது அங்க இருக்கறவங்களுக்கு அரிசி கொண்டு போறதாம்.

பையன் முகம்தான் வாடிப் போச்சுங்க. பித்தோன் தே நேஜுக்காகத்தான் அவன் இந்தத் தீவையே சொன்னான். கேனியனிங், பாராகிளைடிங் ரெண்டையும் விட்டுடறேன்ப்பா, அந்த உச்சி மட்டும் வேணும்ங்கறான். நானும் அவனும் மட்டும் ஏறிட்டு, அம்மாவும் பொண்ணும் சிலாவோஸ்ல இருந்தா சரியா வருமுங்களா? சைவச் சாப்பாடு பத்தியும் சொல்லுங்க.

புதுவை தென்றல்:

அண்ணா, அவ்வளவு ஆசையோடு கேட்கிற பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கூட்டிப்போங்கள். நாட்களை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் சிலாவோஸ் வந்து ஓய்வு. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு ‘லெ ப்ளோக்’ என்ற இடத்திலிருந்து ஏறுங்கள். காடு வழியாக 1,100 மீட்டர் ஏற்றம், மதியத்துக்கு மேலே உள்ள தங்கும் விடுதிக்கு வந்துவிடலாம். இங்கே அதை ‘ஜீத்’ என்பார்கள். ஒரே அறையில் அடுக்குக் கட்டில், இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டுக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார்கள். மே கடைசியில் சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் வரும். நாலரைக்குக் கிளம்பினால் போதும், ரொம்ப முன்னால் போய் உச்சியில் குளிரில் நிற்க வேண்டாம். வெள்ளியங்கிரியில் ராத்திரி ஏறியவர்களுக்கு இருட்டு புதிது இல்லை. ஆனால் இங்கே பிடிக்க மூங்கில் தடி விற்கும் ஆள் இல்லை, ஆளுக்கு ஒரு ஜோடி நடைக்கம்பு கொண்டு வாருங்கள். தலைவிளக்கில் புது பேட்டரி. ஐந்தாம் நாள் மதியம் சிலாவோஸ் இறங்கி, அன்று வண்டியைத் தொடாதீர்கள். அந்தக் காலோடு நானூறு வளைவு ஓட்டக் கூடாது. ஆறாம் நாள் கிரான்-இலே, ஏழாம் நாள் மஃபாத், எட்டாம் நாள் வெளியே. மஃபாத்தில் ஒரு இரவுதான் மிஞ்சும். பரவாயில்லை.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் சிலாவோஸில் இரண்டு நாள் நன்றாகப் போகும். ரோஷ் மெர்வெய்யேஸ் என்ற பாறைக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும், முட்டிக்கு வேலையே இல்லை. வெந்நீர்க் குளியல் நிலையம் இருக்கிறது. ஊரில் பெண்கள் வெள்ளைத் துணியில் நூலை உருவி எடுத்துத் தையல் வேலை செய்வார்கள், போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், அரிசிச் சோறு தின்னும் ஊர் இது. இறைச்சிக் குழம்பு தனிப் பாத்திரத்தில் வரும், கூடவே பயறு, ஒரு கீரை, தக்காளியில் காரமாகச் செய்த ‘ருகாய்’ வரும். சிலாவோஸ் பயறு சின்னதாக, பழுப்பாக, மண்வாசனையோடு இருக்கும், ஒரு கிலோ ஊருக்கு வாங்கிப் போங்கள். சலாஸி முழுக்க சௌசௌ பந்தல். இங்கேயும் அதன் பேர் ‘ஷூஷூ’தான். அதன் கொழுந்தையும் கீரையாகச் சமைப்பார்கள், முருங்கைக் கீரையையும் சமைப்பார்கள். சந்தையில் ‘கலுப்பிலே’ என்று கேட்டுப் பாருங்கள். என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா, கறிவேப்பிலை! முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ் பேச்சை மறந்துபோன குடும்பங்கள், கறிவேப்பிலையின் பேரை மட்டும் நாலைந்து தலைமுறையாக நாக்கில் வைத்திருக்கிறார்கள். ஜீத்துகளில் பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள். சைவம் என்றால் சிலர் மீனோ கோழியோ போடலாம் என்று நினைப்பார்கள். அதனால் ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பிரெஞ்சில் ‘சான் வியாந்த், சான் புவாசோன்’.

பதிவை இப்போதே முடித்துவிடுங்கள். மே கடைசியில் சனி, ஞாயிறு எல்லாம் உள்ளூர் ஆட்களாலேயே நிரம்பிவிடும். உச்சி ஏறும் இரவு வாரநாளாக விழும்படி பாருங்கள். கடைசியாக நான் தங்கியபோது சாப்பாட்டோடு ஒருவருக்கு 50 யூரோ பக்கம் வந்தது. மழை பெய்தால் மண் சரிந்து பாதையை மூடுவார்கள், வனத்துறை இணையத்தில் மூடிய பாதைகளின் பட்டியல் போடும், முந்தைய நாள் இரவு ஒரு தடவை பாருங்கள். இந்த மலையின் மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பக்கம் கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் பெய்தது, உலக சாதனை. கோவைக்கு ஏறக்குறைய ஆறு வருஷ மழை.

மலைப்பிரியன், சென்னை:

தென்றல் மேடம் சொன்ன வழி நன்றாக இருக்கிறது, அன்றே இறங்கி அன்றே வண்டி எடுத்த தப்பை நாங்கள் செய்தோம். கதிர் சார், பையனுக்குப் புது ஷூ வாங்கினால் இப்போதே வாங்கி தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் புது ஷூவோடு வந்து, இறங்கும்போது இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துப்போய் மீதி நாளெல்லாம் செருப்போடு நடந்தார்.

கோவை கதிர்:

உச்சி விடுதியில ரெண்டு கட்டில், புதன்கிழமை ராத்திரிக்குக் கிடைச்சிருச்சுங்க. லா நூவெல்ல நாலு பேருக்கும் சனிக்கிழமை சொல்லியாச்சு, இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்னு நீங்க சொன்ன மாதிரியே பையன் பிரெஞ்சுல எழுதி அனுப்பினான். சரின்னு பதில் வந்திருச்சு. மஃபாத் போற அன்னிக்குக் கணவாய்க்கு எத்தனை மணிக்கு வந்தா சரியா இருக்கும்?

புதுவை தென்றல்:

ஏழு மணி அண்ணா. காவல் உள்ள வண்டி நிறுத்தம் இருக்கிறது, காசு கொடுத்து அங்கேயே விடுங்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமை லீவு என்றால் நாங்களும் வருகிறோம், அண்ணியோடு நான் மெதுவாக நடக்கிறேன். வரும்போது முடிந்தால் கால் கிலோ சுண்டைக்காய் வற்றல் கொண்டு வாருங்கள், இங்கே கிடைப்பதில்லை.